கோபாலன் தப்பா முடிவெடுத்தாரா?

கிரிக்கெட் வினாடி வினாவில் சலிக்காமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் யார்? பதில்: எம். ஜே. கோபாலன். கேள்வி கேட்பவர் கொஞ்சம் விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் அதோடு விடமாட்டார். "1936-ல் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போகாமல் கிரிக்கெட் ஆட இங்கிலாந்து போனார், அங்கே ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் திரும்பி வந்தார், ஹாக்கி டீம் தங்கத்தோடு வந்தது" என்று ஒரு வால் சேர்ப்பார். கூட்டம் முழுக்க 'ச்சொ' கொட்டும்.

எனக்கு அந்த 'ச்சொ' பிடிக்கவில்லை. கோபாலனைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் பெர்லினில் போய்த்தான் நிற்கிறார்கள். ஒரு மனுஷன் 25 வருஷம் ஆடியதை ஒரே ஒரு 'தப்பான முடிவு' என்று மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாயிற்று. அது தப்பான முடிவே இல்லை என்பது என் கட்சி. ஹாக்கி ரசிகர்கள் அடிக்க வருவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடுங்கள் :-)

முதலில் ஆள் யாரென்று பார்த்துவிடுவோம். 1909 ஜூன் 6 அன்று செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்தவர். வளர்ந்தது திருவல்லிக்கேணியில். அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகிற தூரம். பையன் வேகமாகப் பந்து வீசுகிறான் என்று கண்டுபிடித்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜிலும் கென்ட் கவுண்டியிலும் ஆடிவிட்டு மெட்ராஸில் பர்மா ஷெல் கம்பெனியில் இருந்தவர். கோபாலனுக்கும் அதே பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தார். இந்த வேலை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் மெட்ராஸில் பொங்கல் சமயத்தில் ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் பிரசிடென்சி மேட்ச் நடக்கும். 1926-27 சீசனில் கோபாலன் அதில்தான் முதல் தர கிரிக்கெட்டுக்குள் நுழைந்தார். வயசு 17. அதற்குப் பிறகு 1951-52 வரைக்கும் ஆடியிருக்கிறார். 200-க்குக் கொஞ்சம் குறைவாக விக்கெட்டுகள், மூவாயிரத்தை நெருங்கும் ரன்கள். நிரந்தர டீமே இல்லாத ஒரு நாட்டில், ஆபீஸ் வேலையும் பார்த்துக்கொண்டு, நடுவில் ஒரு உலகப்போரையும் தாண்டி இவ்வளவு!

1934 ஜனவரியில் ஜார்டினின் இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் டெஸ்ட் ஆடினார். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், 1 விக்கெட். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் வரலாற்றிலேயே முதல் டெஸ்ட் நடந்தது. அவருடைய சொந்த மைதானம். டீமில் அவர் இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது பெர்லின் இல்லை, இதுதான். ஆனால் இதற்கு யாரும் 'ச்சொ' கொட்டுவதில்லை, ஏனென்றால் இதில் அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை. நமக்குக் குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால்தான் சோகம் ருசிக்கிறது.

அதே வருஷம் நவம்பர் 4. ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிரே மட்டையோடு நின்றவர் மைசூரின் கர்டிஸ். மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மெட்ராஸ் அடித்தது 130 மட்டும்தான், ஆனாலும் இன்னிங்ஸ் வெற்றி. ஏ. ஜி. ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தே போனது! இன்றைக்கு அப்படி ஒரு பிட்ச் போட்டால் டிவியில் உட்கார்ந்து ஒரு வாரம் சண்டை போடுவார்கள்.

(இடையில் ஒரு விஷயம். அன்றைக்கு நாகர்கோவில் பையன் ஒருவன் கோபாலனை விட வேகமாகப் பந்து போட்டிருந்தாலும் அந்த ஆட்டத்தில் இடம் கிடைத்திருக்காது. நாஞ்சில்நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சி அணி ரஞ்சிக்குள் வந்ததே 1951-52-ல், அதாவது கோபாலன் ஆடி முடித்த அதே சீசனில். நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1. திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் இந்தத் தேதிகளைக் காட்டலாம்.)

இனி ஹாக்கி. கோபாலன் சென்டர் ஹாஃப். சும்மா சீசன் இல்லாத நேரத்தில் மட்டையைத் தூக்கியவர் இல்லை. 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து போன இந்திய அணியில் இருந்தவர். அந்தப் பயணத்தில் இந்தியா ஆடியது 48 ஆட்டம், ஜெயித்ததும் 48. இப்படிப்பட்ட டீமில் நடுவில் நின்று ஆடியவருக்கு பெர்லின் டீமில் இடம் பிடிக்க எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் 1936-ல் கிரிக்கெட் டீமுக்கு இங்கிலாந்துப் பயணம் கோடை முழுக்க. ஒலிம்பிக் ஆகஸ்டில். கப்பலில் போய்வருகிற காலம், இரண்டுக்கும் போக வழியே இல்லை. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேப்டன் விஜயநகரம் இளவரசர் 'விஸ்ஸி'. ஆட்டத்துக்காக இல்லாமல் பணத்துக்காகவும் செல்வாக்குக்காகவும் கேப்டன் ஆனவர் என்பது கிரிக்கெட் உலகம் முழுக்கச் சொல்லப்படும் விஷயம். மூன்று டெஸ்டும் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தார். நன்றாக அடித்துக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காலைச் சாப்பாட்டு மேஜையில் சி. கே. நாயுடுவைத் திட்டியதற்குப் பரிசாக ஒருவருக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது என்றுகூட ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அப்படி ஒரு கதை கிளம்புகிற நிலையில்தான் டீம் இருந்தது. கோபாலனுக்கு ஒரு டெஸ்டும் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று இந்தியா அடித்து நொறுக்கியது.

சரி, இப்போது என் வழக்குக்கு வருகிறேன்.

முடிவெடுத்த நாளில் கோபாலனுக்கு என்ன தெரியும்? 8-1 தெரியாது. விஸ்ஸி செய்யப்போவதும் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒலிம்பிக் ஹாக்கி என்பது 1932 லாஸ் ஏஞ்சல்ஸ். அதில் மொத்தமே மூன்று டீம்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. நாம் இன்று ஒலிம்பிக் தங்கம் என்று சொல்லும்போது வருகிற சிலிர்ப்பை 1936-க்கு எடுத்துக்கொண்டு போய் ஒட்டுகிறோம். அப்போது விளையாடுகிற ஒரு இந்தியனுக்கு லார்ட்ஸில் ஆடுவதுதான் உச்சம். அதுவும் தங்கம் சட்டைப்பையில் இருந்தது மாதிரிப் பேசுவது சுத்த அபத்தம். பெர்லினில் போட்டி தொடங்குவதற்கு முன்பு நடந்த பயிற்சி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. அலறியடித்துக்கொண்டு ஊரிலிருந்து தாராவை வரவழைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கே உறுதி இல்லாத தங்கத்தை, 70, 80 வருஷம் கழித்து நாம் கோபாலனுக்கு உறுதி செய்து கொடுக்கிறோம்.

அப்புறம் அந்த வேலை. கோபாலனுக்கு ஆபீஸில் நாற்காலி கிடைத்ததே கிரிக்கெட்டால். கிடைக்கச் செய்தவர் மெட்ராஸ் கிரிக்கெட்டின் பெரிய புள்ளி. இது அவர் முடிவைப் பாதித்ததா என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் அன்று கிரிக்கெட்டே இரண்டு ஜாதியாக இருந்தது: சம்பளம் வாங்காமல் ஆடும் ஜென்டில்மேன், சம்பளத்துக்கு ஆடும் புரொபஷனல். இந்தியாவில் ஒரு சாதாரண வீட்டுப் பையனுக்கு இரண்டுமே கிடையாது. சும்மா ஆட வசதியில்லை, ஆடினால் சம்பளம் தர ஆளில்லை. நடுவில் இருந்த ஒரே வழி, கம்பெனி வேலை. விஸ்ஸி மாதிரி ஒருத்தர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த வேளைச் சோற்றுக்குப் பாதிப்பில்லை. கோபாலன் அப்படி இல்லை.

பர்மா ஷெல்தான் 1970-களில் அரசுடைமை ஆகி பாரத் பெட்ரோலியம் ஆனது. அதிலும், ரயில்வேயிலும், மற்ற பொதுத்துறைக் கம்பெனிகளிலும் இன்று வரை விளையாட்டு கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள். அதாவது ஜான்ஸ்டன் கோபாலனுக்குச் செய்ததை இப்போது விண்ணப்பம் போட்டு, சர்டிபிகேட் நகல் வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்ம மாவட்டத்தில் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று மேற்குக் கடற்கரை முழுக்கப் பந்து உருண்டுகொண்டுதான் இருக்கிறது. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். சென்னை சிட்டியில் ஆடி, ஜாம்ஷெட்பூர் போய், 2019-20-ல் ஐ.எஸ்.எல். ஜெயித்த ஏ.டி.கே. அணியில் இருந்தார். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் போய்விட்டது. அவர் ஜெயித்தபோது "கடற்கரைப் பையனுவ கொள்ளாம்" என்று சொன்ன அதே வாய், அடிபட்டதும் "அதாம்ல சொல்லுகது, கையில ஒரு டிகிரி வேணும்" என்றது. இரண்டையும் ஒரே டீக்கடையில் கேட்டேன்.

எங்கள் வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான். கோல்கீப்பர். பல்கலைக்கழக டீமுக்கான கேம்ப் தேதியும் கேம்பஸ் இன்டர்வியூ தேதியும் மோதிக்கொண்டன. அவன் இன்டர்வியூவுக்குப் போனான், வேலை கிடைத்தது. "கேம்புக்குப் போயிருந்தா இந்நேரம் எங்கேயோ இருந்திருப்ப மக்கா" என்று அவனிடம் சொல்லாதவர்கள் குறைவு. அவன் கேம்புக்குப் போய் டீமில் இடம் கிடைக்காமல் வந்திருந்தால் இவர்களே "வந்த வேலைய விட்டுட்டியே" என்றிருப்பார்கள். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ரெண்டுல எது தப்புன்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமாடே?" பதில் சொல்லத் தெரியவில்லை. கோபாலனைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த குற்றச்சாட்டு: ஒரே ஒரு டெஸ்ட். ஒன்று என்கிற எண் பார்க்கச் சின்னதுதான். ஆனால் இந்தியா 1932-ல் முதல் டெஸ்ட் ஆடியதிலிருந்து உலகப்போர் வரை மொத்தம் எத்தனை டெஸ்ட் ஆடியது தெரியுமா? ஏழு. 1932-ல் ஒன்று, 1933-34-ல் மூன்று, 1936-ல் மூன்று. 1936 ஆகஸ்டுக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 1946-ல்தான். கோபாலனுக்கு 27 வயதிலிருந்து 37 வயது வரை இந்தியாவுக்கு டெஸ்டே கிடையாது! ஒரு வேகப்பந்து வீச்சாளனின் நல்ல வயசு முழுக்க அதில் போயிற்று. இருந்த டெஸ்டுகளிலும் புதுப்பந்து என்றால் பெரும்பாலும் முகமது நிசாரும் அமர் சிங்கும். அந்த ஜோடியைத் தள்ளிவிட்டு உள்ளே வருவது யாருக்கும் லேசில்லை. அதே சேப்பாக்கத்தில் ஆடி வளர்ந்த அஸ்வின் 106 டெஸ்ட் ஆடிவிட்டு 2024-ல் ஓய்வு பெற்றார். அந்த 106-ஐயும் இந்த ஒன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அது இரண்டு வேறு வேறு கடை.

அதே 1936 டீமில் கோபாலனுக்குத் துணையாக இன்னொரு மெட்ராஸ்காரரும் இருந்தார், கோட்டா ராமசாமி. 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியவர். 40 வயதில் கிரிக்கெட் டீமில் இடம் பிடித்து, மான்செஸ்டரில் முதல் டெஸ்டிலேயே 40-ம் 60-ம் அடித்தார். இரண்டு டெஸ்டோடு அவர் கணக்கும் முடிந்தது. 1985-ல் வீட்டை விட்டு வெளியே போனவர் திரும்பவே இல்லை. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அடங்காது.

அமெரிக்கர்களிடம் இதே மாதிரி ஒரு ஆள் உண்டு. ஆர்ச்சிபால்ட் கிரகாம், செல்லப்பெயர் 'மூன்லைட்'. பேஸ்பாலில் அவுட்ஃபீல்டர், அதாவது நம்ம கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நிற்கிறவர் மாதிரி தூரத்தில் நிற்கிற ஆள். 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இறங்கினார். மட்டை பிடிக்கும் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. பெரிய லீகில் அவ்வளவுதான். இன்னும் சில வருஷம் சின்ன லீகுகளில் ஆடிவிட்டு, மின்னசோட்டாவில் சிஷோம் என்கிற சுரங்க ஊரில் டாக்டராகப் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தே காலம் போயிற்று. 1965-ல் இறந்தார். பேஸ்பால் புள்ளிவிவரப் புத்தகத்தில் அந்த ஒற்றை வரியைப் பார்த்த ஒரு நாவலாசிரியர் அவரைத் தன் கதையில் பாத்திரமாக வைத்தார். 1989-ல் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று அது படமாகவும் வந்தது. பர்ட் லங்காஸ்டர் வயதான கிரகாமாக வருவார்.

கிரகாமைவிட கோபாலன் எவ்வளவோ மேலே. நாட்டுக்காக இரண்டு விளையாட்டு ஆடியவர். அவர்கள் ஒரு ஆட்டக்காரரின் அரைமணி நேரத்தை எடுத்துக்கொண்டு அவர் முழு வாழ்க்கையையும் தேடிப் போனார்கள். நாம் முழு வாழ்க்கையையும் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேர முடிவு ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

"என்ன இருந்தாலும் தங்கம் தங்கம்தானே" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. கூகுள் பார்க்காமல், 1936 ஹாக்கி டீமில் தியான் சந்தையும் அவர் தம்பி ரூப் சிங்கையும் விட்டுவிட்டு இன்னும் மூன்று பேரைச் சொல்லுங்கள். மேலே தாரா பெயரை நானே சொல்லிவிட்டேன், அதனால் அவர் சேர்த்தி இல்லை. சொல்ல முடிகிறதா? தங்கம் வாங்கி வந்தவர்களை நாம் வைத்திருக்கும் லட்சணம் இது. கோபாலன் அந்தக் கப்பலில் ஏறியிருந்தால் இந்தப் பெயர் தெரியாத வரிசையில் அவரும் ஒருவராக நின்றிருப்பார்.

கிரிக்கெட் அவருக்குக் கொடுத்ததும் ஒன்று உண்டு. அவர் முதல் தர கிரிக்கெட்டில் 25 வருஷம் முடித்ததை ஒட்டி, 1952-53-ல் மெட்ராஸுக்கும் சிலோனுக்கும் இடையே கோபாலன் டிராபி தொடங்கினார்கள். ஆடி முடித்தவுடனேயே, உயிரோடு இருக்கும்போதே, இரண்டு நாடு சேர்ந்து ஒருவர் பெயரில் கோப்பை ஆடுவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? சிலோனுக்கு அப்போது டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. இலங்கையாகப் பெயர் மாறி முதல் டெஸ்ட் ஆடியதே 1982-ல். அதுவரை அவர்களுக்கு வெளியே போய் ஆட இருந்த சில வாசல்களில் இந்தக் கோப்பையும் ஒன்று. கொழும்பில் ஒருமுறை, மெட்ராஸில் ஒருமுறை என்று பல வருஷம் நடந்தது. பெர்லின் பதக்கம் ஒரு வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். இது இரண்டு ஊர் மைதானங்களில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்த விஷயம்.

மெட்ராஸ் ரஞ்சி கோப்பையை முதல் தடவை ஜெயித்தது 1954-55-ல். அதற்குள் கோபாலன் ஆடி முடித்திருந்தார். முதல் பந்தை வீசியவர் கையில் கோப்பை வரவில்லை. வேண்டுமானால் இதற்கு ஒரு 'ச்சொ' கொட்டிக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

2003 அக்டோபர் கடைசி நாளில் நியூசிலாந்தின் லிண்ட்சே வியர் இறந்தபோது, உலகத்தில் உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே மூத்தவர் என்கிற இடம் கோபாலனுக்கு வந்தது. வயது 94. டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமாகும் வரை, இரண்டு மாதத்துக்கும் குறைவாக, அந்த இடத்தில் இருந்தார். கல்கத்தாவில் ஆடிய அந்த ஒரே டெஸ்டின் கணக்கில்.